எழுத்து தெரிகிறது, படிக்கத்தான் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

விஜயதசமிக்கு அரிசித் தட்டில் 'அ' எழுத வைத்த வீடுகளிலிருந்து இந்த முறை நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. எப்படி ஆரம்பித்தாலும் "என்ன வாங்கட்டும் டீச்சர்?" என்றுதான் முடிகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (காட்பாடி): மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி. வீடு தேடி வந்த ஒருத்தர் ஒரு செட் காட்டினார். முப்பது புத்தகம், படம் போட்ட அட்டைகள், எழுத்தைத் தொட்டால் வாசித்துக் காட்டும் பேனா. தமிழும் இங்கிலீஷும் சேர்த்து 14,000 ரூபாய், தவணையும் உண்டாம். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். எனக்கு ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. பேனாவே வார்த்தையைப் படித்துவிட்டால் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? கதை கேட்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வீட்டில் ஆயா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், பேட்டரியும் போட வேண்டாம்.

அந்த ஆள் மறுபடி வந்தால் ஒன்று செய்யுங்கள். முப்பதில் ஏதாவது ஒரு புத்தகத்தை நடுவில் பிரித்து, அந்தப் பக்கத்தில் உங்கள் மகளுக்குத் தெரியாத எழுத்து எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அது அவள் படிக்கிற புத்தகம் இல்லை, நீங்கள் படித்துக் காட்டுகிற புத்தகம். இரண்டுமே வீட்டில் வேண்டும், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடையில் '4 முதல் 6 வயது வரை' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடுகிறோம், வயதைப் பார்த்து எழுத்து மண்டையில் ஏறுவதில்லை, எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்கிறாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படிக்கப் பழகுகிற புத்தகத்தில் வேறு என்ன பார்ப்பது? பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. பெரிய எழுத்து. ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்புறம் மொழி நடை, இதை யாருமே பார்ப்பதில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை 'வந்துகினு இருக்குது' என்று பேசுகிறது. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறது' என்று இருக்கிறது, எண்ணிப் பாருங்கள், 11 எழுத்து. தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாகக் கூட்டி முடித்தாலும் அது தான் பேசுகிற வார்த்தைதான் என்று பிள்ளைக்குப் பிடிபடாது. அதனால் முதல் புத்தகங்களில் 'நாய் ஓடுது பார்' அளவுக்கு எளிமை இருந்தால் போதும். கதை கேட்கும்போது இந்தப் புத்தகத் தமிழ் தானாகக் காதில் விழுந்து பழகும், நீங்கள் படித்துக் காட்டுகிற புத்தகம் அதற்காகவும்தான்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957இலிருந்து இருக்கின்றன, விலையும் குறைவு. சென்னையில் துளிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வருகிற படப் புத்தகங்கள் போடுகிறது, யூகேஜி பிள்ளைக்கு அது உதவும். காசே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை நான்கு படிநிலையாகப் பிரித்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். முதல் நிலைக் கதை ஒன்றை எடுத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு நடுவில் பின் அடித்துக் கொடுங்கள். மகள் அதன் மேல் கிறுக்கினாலும் உங்களுக்கு வயிறு எரியாது.

சுவரில் மாட்டுகிற சார்ட் வேண்டுமானால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஃ-க்கு என்ன படம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எஃகு என்று ஒரு இரும்புத் துண்டு இருக்கும். பிள்ளை அதைப் பார்த்து 'கம்பி' என்று படிக்கும். அது பிள்ளையின் தப்பு இல்லை.

கேள்வி (ஆற்காடு): பையன் இரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அ முதல் ன வரைக்கும், க ங ச, கா ஙா சா எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். 'மரம்' என்று எழுதிக் காட்டினால் முழிக்கிறான். பள்ளியில் 'அரும்பு' குழுவில் போட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. டியூஷன் வைக்கலாமா?

முதலில் அந்த வெட்கத்தை விடுங்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதே பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கத்தான். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் விட்டுப்போனதை ஈடுகட்ட வந்தது அது. பையன் நிற்கிற இடத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அவன் 247ஐயும் பாட்டாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறான். பாட்டின் நடுவிலிருந்து ஒரு எழுத்தைப் பிடுங்கிக் காட்டினால் யார் என்று தெரியாது. சோதித்துப் பாருங்கள், 'ர' எது என்று கேட்டால் ய-விலிருந்து ஓடி வந்துதான் சொல்வான். அதனால் வரிசையை ஆறு மாதம் மூட்டை கட்டி வையுங்கள்.

ஒரு பழைய காலண்டர் அட்டையை வெட்டி ட, ப, ம மூன்றை மட்டும் எழுதுங்கள். எழுதச் சுலபம், ஒன்றோடொன்று குழம்பாது. மேலே புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்த உடனே படம், பட்டம், மடம், மட்டம் நான்கும் வந்துவிடும். முதல் வாரத்திலேயே உண்மையான வார்த்தை படிக்கிற பிள்ளைக்கு வருகிற தெம்பு இருக்கிறதே, அதை எந்த டியூஷனும் கொடுக்காது. அடுத்து ர, க: மரம், கட்டம், பக்கம், பம்பரம். ல சேர்த்தால் பல், கல், கடல், பகல், கப்பல். அப்புறம் 'கால்' போடக் கற்றுக்கொடுங்கள்: பால், காகம், பாலம், மாமா. கூடவே அ ஒன்று வந்தால் அப்பா, அம்மா, அக்கா. மொத்தம் ஏழு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கால். இவ்வளவுதான் அவன் முதல் புத்தகம். நீங்களே இருபது அட்டையில் எழுதிவிடலாம்.

இனிமேல்தான் சிக்கல். 'கி, கீ' வரைக்கும் ஓரளவு ஒழுங்காகப் போகும். 'கெ, கே, கை'யில் கொம்பு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும், 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கும். கொம்பைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த எழுத்தைப் பார், அப்புறம் சொல் என்று பழக்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் உகரமும் ஊகாரமும். பு, சு, வு, யு ஒரு ஜாதி. டு, மு, ரு, ழு, ளு வேறு. து, நு, ணு, லு, று, னு இன்னொன்று. கு யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். 18 மெய்க்கும் இரண்டு இரண்டாக 36 உருவம், ஒரே குறியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்கிற வேலை இங்கே நடக்காது. நிறைய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். நாம் 'மந்தம்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். இந்த 36ஐயும் ஒரே வாரத்தில் தள்ளாமல், புலி, பூ, மூக்கு, முடி, சுவர், துணி என்று வார்த்தையோடு வார்த்தையாக மெல்லக் கொண்டுவாருங்கள்.

டியூஷன் வைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அங்கேயும் 'கா ஙா சா' ஒப்பிக்க வைத்தால் காசு தண்டம். அதற்கு முன்னால் பையனுக்குக் கண்ணும் காதும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை தெரியவில்லை என்று சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): எங்கள் வீட்டில் உருது. மகள் ஒன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். மாலையில் மக்தப் (குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் இடம்) போகிறாள், அங்கே அரபி. மூன்றும் சேர்ந்து குழம்பிவிடும், வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பேசட்டுமா?

வேண்டாம் அம்மா. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்கள், கதை சொல்லுங்கள், நானி (பாட்டி) சொல்கிற கதையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மொழியில் கதையின் போக்கைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை அதை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கொண்டு போகும். குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசுகிற வீடுகளுக்கும் இதே பதில்தான்.

அவளுக்குத் தடை வருகிற இடங்கள் வேறு. ஒன்று, அரபி வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம், சில நாள் திருப்பிப் படிப்பாள், வரியின் அடியில் விரல் வைத்து ஓட்டினால் சரியாகிவிடும். இரண்டாவது கொஞ்சம் பெரிய விஷயம். உருதில் க-வுக்கும் கனத்த க-வுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே க, ஒரே ப. பம்பரத்தில் முதல் ப ஒரு மாதிரி, ம்-க்குப் பிறகு வரும் ப வேறு மாதிரி. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே வாயில் இருப்பதால் எழுத்து அதன்பின் போகும். உங்கள் மகளுக்கு அந்த வார்த்தையே புதிது. அதனால் படிக்க வைப்பதற்கு முன் அந்தப் பாடத்தில் வருகிற பத்து வார்த்தையை வாயால் சொல்லி, பொருளைத் தொட்டுக் காட்டிப் பழக்கிவிடுங்கள், அப்புறம் எழுத்தைக் காட்டுங்கள். மேலே சொன்ன ஸ்டோரிவீவரில் உருதும் இருக்கிறது, சில கதைகள் இரண்டு மொழியிலும் கிடைக்கும். முதலில் உருதில் நீங்கள் படித்துக் காட்டுங்கள், அடுத்த நாள் அதே கதையைத் தமிழில் கொடுங்கள்.

கேள்வி (குடியாத்தம்): எனக்கு வயது 71. பேத்திக்கு எழுதிக் காட்டினால் "தாத்தா, 'லை' தப்பா எழுதறீங்க" என்கிறாள். நான் படித்த பழைய கதைப் புத்தகங்கள் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். அவளுக்குக் கொடுக்கலாமா?

ஐயா, நீங்கள் எழுதுவது தப்பே இல்லை, 1978க்கு முந்தைய 'லை', அவ்வளவுதான். அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கும், சுழித்து எழுதிய ணா, றா, னா வகை ஒன்பதும், ஆக 13 எழுத்து மாறின. பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் இப்படி அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டியைப் பேத்திக்கு இப்போது கொடுக்காதீர்கள். நீங்கள் படித்துக் காட்டுங்கள். தானாகப் படிக்க மூன்றாம் நான்காம் வகுப்பு வரட்டும், அப்போது இந்தத் துதிக்கையைக் காட்டினால் ரகசிய எழுத்து மாதிரி ரசிப்பாள்.

கேள்வி (சத்துவாச்சாரி): இங்கிலீஷுக்கு ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஓசையை வைத்துப் படிக்கச் சொல்லித்தரும்) வகுப்பில் சேர்த்தால் ஏ, பி, சி, டி வரிசையில் சொல்லித்தராமல் எஸ், ஏ, டி, ஐ, பி, என் (s, a, t, i, p, n) என்று ஆரம்பிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ஜாலி ஃபோனிக்ஸ் என்ற முறையில் அதுதான் வரிசை. அந்த ஆறை வைத்து 'சாட், பின், டிப்' என்று நிறைய சின்ன வார்த்தைகள் கட்டலாம், மேலே ட, ப, ம-வுக்குச் சொன்ன அதே காரணம். வகுப்பில் அந்த எழுத்துகளை வைத்தே சின்னச் சின்ன வார்த்தை படிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஓசையை மட்டும் பாட வைத்து அனுப்பினால் அதுவும் இன்னொரு 'கா ஙா சா'தான்.

கேள்வி (ஒடுகத்தூர்): எங்கள் ஊரில் புத்தகக் கடை கிடையாது. வேலூர் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

பள்ளியில் கொடுத்த பாடப்புத்தகம் இருக்கிறது இல்லையா, பழசு ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டில் மூத்த பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். புது பாடநூல்களைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். கிளை நூலகம் எந்த ஊரில் இருந்தாலும் உறுப்பினர் ஆகிவிடுங்கள். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதை ஏன் விடுவது? குழந்தைகள் புத்தகம் அலமாரியில் பூட்டி இருந்தால் திறந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்கிற ஆள் இருந்தால் திறப்பார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போர்டைப் படிக்கச் சொல்லுங்கள். ஊசூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர். பஸ் வரும்வரை வேறு வேலையும் இல்லை, பெயரும் பிள்ளைக்கு ஏற்கெனவே காதில் பழக்கம். அதிலும் ஊசூர் நல்ல ஆரம்பம், மூன்றே எழுத்து. அணைக்கட்டு படிக்க வந்துவிட்டால் பிள்ளை 'ணை'யைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், குடியாத்தத்து ஐயா கேட்டால் சந்தோஷப்படுவார். ரேஷன் கடைப் பலகையில் அரிசி, பருப்பு, பாமாயில் இருப்பு எழுதியிருக்கும். அதையும் பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள், உங்களுக்கு இன்றைக்குப் பருப்பு உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும் அல்லவா.