ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டிருக்கும் அப்பாவை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ப்ராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. போன வாரம் முதல் ஹார்மோன் ஊசி போட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். கொருக்குப்பேட்டையில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அதுவரை வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

ஊசி போட்டாயிற்று, இனி மூன்று மாதம் கவலையில்லை என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் எலும்பும் தசையும் கரையத் தொடங்கும். அதைத் தடுப்பது பெரும்பாலும் வீட்டு வேலை.

முதலில் அவசரமானது. லியூப்ரோலைடு, ட்ரிப்டோரெலின், கோசெரெலின் வகை ஊசி என்றால் இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சில நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அந்த ஏற்றத்தை அடக்கத்தான் பைகலூட்டமைடு 50 மில்லிகிராம் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றே டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். டிகாரெலிக்ஸ் ஊசிக்கு மட்டும் இந்த ஏற்றம் கிடையாது.

முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கு அது தண்டுவடத்தை அழுத்தும் அபாயம் எப்போதும் உண்டு, இந்த முதல் இரண்டு வாரம் இன்னும் கூடுதல். புதிதாக வரும் முதுகுவலி, படுத்தால் கூடுவது, இருமினால் சுரீரென்று இழுப்பது, படியேறும்போது கால் பின்னுவது, பிட்டமும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் முழுக்க விழுந்து இரண்டு நாள் ஆன பிறகு வந்தால் நடை திரும்புவது அரிது. 108-ஐ கூப்பிட்டு, பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லிக்கோ சென்ட்ரல் பக்கம் ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ போங்கள். மாடியிலிருந்து நடத்தி இறக்க வேண்டாம், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி இறக்கட்டும். அங்கே "முதுகு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வெறும் வலி ஊசியோடு அனுப்பிவிடக்கூடும். "ப்ராஸ்டேட் கேன்சர், முதுகெலும்புக்குப் பரவியிருக்கு, இப்போ கால் பலவீனமா இருக்கு" என்று எடுத்த எடுப்பில் சொல்லுங்கள்.

சாதாரண வலிக்குத் தெருமுனை மெடிக்கலில் டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுவதை அடியோடு விடுங்கள். ப்ராஸ்டேட் அடைத்து ஏற்கெனவே சிறுநீரகம் திணறினால் அந்த மாத்திரை அதைக் கெடுத்துவிடும். பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், ஈரல் கோளாறு இல்லாதவருக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. அதற்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் கேட்கத் தயங்க வேண்டாம். அது சாவுக்கு முன் கொடுக்கும் மருந்து இல்லை, வலிக்குக் கொடுக்கும் மருந்து. ஆனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்து எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் மலச்சிக்கலே பெரிய நோயாகிவிடும். சளி மாத்திரையிலும் கவனம் தேவை: குளோர்ஃபெனிரமின், சூடோஎஃபெட்ரின் கலந்தவை சிறுநீரை அடைத்துவிடும்.

குடம் தூக்கவே கூடாது. நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 கிலோ. அதைக் குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பிப் படியேறினால், அரித்துப்போன முதுகெலும்பு நொறுங்க அது போதும். லாரி ஓடி ஓடிப் பள்ளமான நம் ரோட்டில் பைக்கின் பின்சீட்டிலும் உட்கார வைக்காதீர்கள்.

அதற்காகப் படுக்கவும் வைக்கக் கூடாது. எலும்பு இன்னும் தாங்குமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு இப்படித் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பாதம் தரையில் பதிய, கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூன்று எண்ணி எழுந்து, மூன்று எண்ணி உட்காரட்டும். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பயன் போச்சு, முதுகும் குலுங்கும். ஐந்து முறை, காலையும் மாலையும். இரண்டு வாரத்தில் பத்தாக்கலாம். குந்தி உட்காரும் கழிவறையிலிருந்து எழ முடியாமல் திண்டாடுபவர்களுக்கு இல்லாமல் போயிருப்பது இந்தத் தொடைத் தசைதான். நடை பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று முறை, வெயில் தாழ்ந்த பிறகு. வாசலில் தண்ணீர் பிடிக்கும் ஈரம், கழன்ற மிதியடி, இரவில் விளக்கில்லாத கழிவறை மூன்றையும் இன்றைக்கே சரிசெய்யுங்கள். இவர்கள் விழுந்தால் எலும்பு முறிவு சுலபம்.

கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. கூழ் குடித்துப் பழகியவருக்கு அதுவே நல்ல தொடக்கம். காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு குழம்பு வையுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். தசைக்கு முட்டை, பருப்பு, மீன் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் எழுதியிருந்தால் அது பொதுவாக வாரத்துக்கு ஒன்று. தினமும் போட்டு வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருபவர்கள் உண்டு.

நள்ளிரவில் திடீரென்று முகம் சிவந்து, பனியன் பிழியப் பிழிய நனைந்து, பத்து நிமிடத்தில் குளிர் எடுத்தால் அது ஊசியின் வேலை. மாற்றுப் பனியனும் ஈரத்துண்டும் தலைமாட்டில் வையுங்கள்; ராத்திரி சூடான டீயையும் காரத்தையும் குறையுங்கள். காய்ச்சலா என்று சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டர் வையுங்கள்.

காரணமில்லாமல் அழுவார், எரிந்து விழுவார். தாம்பத்திய ஆசையும் போய்விடும். அம்மாவிடம் இதை யாரும் சொல்வதில்லை, அப்பாவுக்குத் தன்மேல் ஏதோ வெறுப்பு என்று நினைத்து அம்மா உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பார். வேறு யாரையும் வைத்துக்கொள்ளாமல் இருவரையும் டாக்டர் முன் உட்கார வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

மாடி இறங்குவது சிரமமானால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதியச் சொல்லுங்கள். அதில் வீட்டுக்கே வந்து தரும் நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு.

அடுத்த ஊசியின் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள், தள்ளினால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறும். அன்றைக்கு பிஎஸ்ஏ-வோடு (ப்ராஸ்டேட் நோயின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், எலும்பு அடர்த்தி பற்றியும் கேளுங்கள். எலும்புக்கு சோலெட்ரானிக் ஊசி போடலாம் என்றால், அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டி, ஆடுகிற பல்லைப் பிடுங்கிப் புண் ஆறவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.