தாய்லாந்தில் தனியே: தேடி வரும் நட்பும் நாம் தேடிப் போகும் நட்பும்

கேள்வி: எனக்கு வயது 28. சைவ உணவு மட்டுமே உண்பேன். ஒரு முதுகுப்பையுடன் 15 நாள் தாய்லாந்தைத் தனியாகச் சுற்றிவர விரும்புகிறேன். உள்ளூர் மக்களோடு பழக வேண்டும், ஏமாந்துவிடவும் கூடாது. யாரை நம்புவது? – மதுரை வாசகி

பதில்: பேச்சை முதலில் தொடங்கியவர் யார் என்று பாருங்கள். தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் நீங்களாகப் போய்ப் பேசினால், அங்கே கிடைப்பது பெரும்பாலும் உண்மையான உபசரிப்பாகவே இருக்கும். சுற்றுலாத் தலத்தின் வாசலில் சரளமான ஆங்கிலத்துடன் உங்களைத் தேடி வருபவரிடம்தான் எச்சரிக்கை தேவை. பாங்காக் அரண்மனை அருகே நன்றாக உடுத்திய ஒருவர், "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாத் கொடுத்தால் டுக்-டுக்கில் வேறு கோயில்களைக் காட்டுவார்கள்" என்று பரிவோடு சொல்வார். அந்த டுக்-டுக் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒரு நவரத்தினக் கடை. எவர் என்ன சொன்னாலும் வாயில்வரை நடந்து சென்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

மக்களோடு பழக நான் முதலில் பரிந்துரைப்பது மூன்றாம் வகுப்பு ரயில். பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரி வழியாக 'நாம் தோக்' என்னும் ஊர்வரை செல்லும் ரயிலில் குளிர்சாதனம் கிடையாது. சன்னல்கள் திறந்தே இருக்கும். கூடையோடு ஏறும் பெண்கள் சிறு பைகளில் ஒட்டரிசிச் சோறும், நறுக்கிய மாங்காயும் விற்பார்கள். மாங்காயுடன் தரும் பொட்டலத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் மட்டுமல்லாமல் சர்க்கரையும் கலந்திருக்கும். அதை எப்படித் தொட்டுக்கொள்வது என்று எதிரில் இருப்பவரிடம் சைகையால் கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும். நோங் பிளாதுக் சந்திப்புக்கு அப்பால் இந்த ரயில் செல்வது, 1942-43இல் ஜப்பானிய ராணுவம் அமைத்த 415 கிலோமீட்டர் பர்மா ரயில்பாதையின் எஞ்சிய பகுதியில். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்த வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பெருந்தொகையினர் திரும்பவேயில்லை என்பதை அறிந்து பயணம் செய்யுங்கள்.

மொழி குறித்து அஞ்ச வேண்டாம். நம்மைப் போலவே அவர்களும் முன்பின் அறியாதவரை உறவு சொல்லித்தான் அழைக்கிறார்கள். அக்காள், அண்ணன் இருவருக்கும் 'பீ', இளையவருக்கு 'நோங்', அத்தை வயதுடைய கடைக்காரப் பெண்மணிக்கு 'பா'. பெண் பேசும்போது வாக்கிய முடிவில் 'கா' சேர்ப்பது மரியாதை. "கின் காவ் ரூ யங்?" என்று ஒருவர் கேட்டால், அது விருந்து அழைப்பு என்று எண்ணிவிடாதீர்கள், நம் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்பதைப் போன்ற நலவிசாரிப்புதான்.

உணவில் கவனம் தேவை, ஏனெனில் காய்கறிப் பொரியலிலும் மீன்சாறு ஊற்றுவது அங்கே வழக்கம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில், பார்வைக்கு நம் 17 என்ற எண்ணைப் போன்ற குறி இருந்தால் அது 'ஜே' எனப்படும் முழுச்சைவ உணவகம். அங்கே மீன்சாறு, முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. மற்றக் கடைகளில் "கின் ஜே கா" என்று சொல்லுங்கள்.

சியாங் மாய் நகரின் சேதி லுவாங் கோயிலில் துறவிகள் பயணிகளோடு அமர்ந்து உரையாட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் பழகவேண்டும் என்ற ஆர்வம் அவர்களுக்கும் உண்டு என்பதால் கேள்விகளுக்குத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் துறவியைத் தொடுவதோ எதையும் நேரடியாகக் கையில் கொடுப்பதோ கூடாது, மேசையில் வைத்துவிடுங்கள். எவ்வளவு நெருங்கிப் பழகியவரிடமும் அரச குடும்பத்தைப் பற்றிய விமர்சனம் வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு அதற்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறை விதிக்கிறது, வெளிநாட்டவருக்கும் விலக்கில்லை.

இரவில் அறிமுகமில்லாதவர் தரும் பானத்தை மறுத்துவிடுங்கள். பைக் வாடகைக்குக் கடவுச்சீட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155. கைப்பேசியில் இப்போதே பதிந்துவையுங்கள்.

15 நாளில் 5 ஊர் பார்க்கத் திட்டமிட்டிருந்தால் இரண்டைக் குறைத்துவிட்டு, சியாங் மாயிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள மே கம்போங் மலைக்கிராமத்துக்குச் செல்லுங்கள். ஊராரே கூடி நடத்தும் வீட்டுத் தங்கல் முறை அங்கே உண்டு. புளிக்கவைத்த தேயிலையை, நாம் வெற்றிலை போடுவதுபோல, 'மியங்' என்ற பெயரில் மென்றுகொண்டிருக்கும் பெரியவர்களின் அருகே அமரலாம். ஒரே இரவில் திரும்பிவிடாதீர்கள்; முதல் நாள் கூடத்தில் அமரவைத்து உபசரிப்பவர்கள், இரண்டாம் நாள் காலையில் அடுப்படிக்குள் அழைத்துக் கீரை ஆயச் சொல்வதும் உண்டு.