தாதியின் விரலுக்கு எந்த வைரம்?

கேள்வி: அன்புள்ள அக்கா, பரந்தனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் எனக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்கே மோதிரம் மாற்றுவதாகப் பேசி முடித்திருக்கிறோம். பெண் முல்லைத்தீவு வைத்தியசாலையில் தாதி, புதுக்குடியிருப்பிலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, “இரண்டு மாத உழைப்பையாவது போட்டு ஒரு கரட் வைரம் எடு. ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் மலிவு, மிச்சத்தை நான் தருகிறேன்” என்கிறார். அம்மாவோ, “கல்லுக்குக் காசைக் கொட்டாதே, ஒரு பவுணில் மோதிரம் செய்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் விசாரித்த கடையில் வைரத்தை 18 கரட் தங்கத்தில்தான் பதிப்பார்களாம். அம்மாவுக்கு அது கலப்புத் தங்கம். தேவைப்பட்டால் அம்மாவின் காப்புகளை ஈடு வைக்கலாம் என்றும் நினைக்கிறேன். எந்த வைரம், எப்படியான மோதிரம் எடுக்கலாம்?

— கிளிநொச்சி மாவட்ட வாசகர்

பதில்: அன்புத் தம்பி, காப்புகளை ஈடு வைக்க வேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம், இதை மட்டும் இன்றே முடிவு செய்துவிடுங்கள். நுண்கடனும் லீசிங்கும் அடகும் வன்னியில் எத்தனை வீடுகளின் நித்திரையைக் கெடுத்திருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புதுக் குடும்பம் வட்டியோடு தொடங்கக் கூடாது. அண்ணா சொல்லும் இரண்டு மாதச் சம்பளக் கணக்கு எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அது டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1980களில் செய்த விளம்பரங்களிலிருந்து பரவியது. உங்கள் கையில் இருப்பதற்குள் வாங்குவதுதான் கணக்கு.

அம்மாவின் பிடிவாதத்தைப் பழைய காலத்து எண்ணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இடம்பெயர்வின் கடைசி மாதங்களில் கழுத்திலும் கையிலும் இருந்த பொன்தான் பல குடும்பங்களுக்கு அரிசியாகவும் பால்மாவாகவும் மாறியது. அதைக் கண்ணால் கண்டவர்கள் கல்லை நம்பமாட்டார்கள். அந்த அவநம்பிக்கையில் உண்மையும் இருக்கிறது. ஈடு பிடிக்கும் இடத்தில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடுவார்கள். வைரத்தை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி கிடைப்பதே அரிது. ஆய்வுகூட வைரத்தின் நிலைமை இன்னும் மோசம். கடந்த பத்தாண்டுகளில் அதன் விலை பல மடங்கு விழுந்துவிட்டது. ஆகவே வைரத்தைச் சேமிப்பு என்று எண்ணி வாங்க வேண்டாம். சேமிப்புக்குத் தாலிக்கொடி இருக்கிறது. பொன்னுருக்கன்று உருக்கும் பொன்னில் அம்மா சொல்வதைக் கேளுங்கள், 22 கரட்டிலேயே செய்யுங்கள். மோதிரம் பெண்ணை மகிழ்விக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். ஒரே மோதிரத்திடம் இரண்டு வேலையையும் கேட்பதால்தான் வீட்டில் இத்தனை வாக்குவாதம்.

18 கரட் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. 22 கரட்டில் 91.6 வீதம் தங்கம், 18 கரட்டில் 75 வீதம். மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. அந்தக் கலப்புத்தான் வலிமையைத் தருகிறது. மென்மையான பொன்னில் பதித்த கல், நாளும் தட்டுப்பட்டுத் தளர்ந்து ஒருநாள் வயல் வரம்பிலோ வைத்தியசாலைத் தாழ்வாரத்திலோ காணாமற்போகும். வெள்ளைத் தங்கம் வேண்டாம். அதன் பளபளப்பு ரோடியம் பூச்சால் வருவது. சில வருடங்களில் தேய்ந்து மஞ்சள் தெரியும், மறுபடி பூச வசதியுள்ள கடையைத் தேடி அலைய வேண்டும். மஞ்சள் பொன்னே எடுங்கள்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். வைரத்தின் கரட் என்பது எடை. ஒரு கரட் 0.2 கிராம். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கரட் வட்டக் கல் ஏறக்குறைய 6.5 மில்லிமீட்டர் அகலம், அரைக் கரட் 5.1 மில்லிமீட்டர். எடை பாதியாகும்போது அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே குறைகிறது. மெல்லிய விரலில் 0.30 கரட்டும் எடுப்பாகத் தெரியும், அது 4.3 மில்லிமீட்டர் இருக்கும். அரை, ஒன்று போன்ற எல்லைகளில் விலை துள்ளி ஏறும். அரைக் கரட் கேட்பவருக்கு 0.45 கிடைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, காசு மிஞ்சும்.

காசைக் கொடுக்க வேண்டிய இடம் பட்டை தீட்டிய நேர்த்தி. இதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். வட்ட வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். அவை சரியான கோணத்தில் அமைந்தால் மேலே விழும் வெளிச்சம் உள்ளே திரும்பி மேல்வழியாகவே வெளியே வரும். அதுதான் நாம் காணும் ஜொலிப்பு. ஆழம் கூடினாலும் குறைந்தாலும் வெளிச்சம் அடிவழியாக ஒழுகி, கல் நடுவில் இருண்டு கிடக்கும். சில வெட்டுநர்கள் எடையைக் காப்பாற்றுவதற்காகவே கல்லை ஆழமாக விட்டுவிடுவார்கள். நீங்கள் ஒரு கரட்டுக்குக் காசு கொடுப்பீர்கள், அதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும். கல்லோடு வரும் தரச் சான்றிதழில் வெட்டுத் தரம் ‘எக்ஸலண்ட்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையின் மின்விளக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும். கேட்டு வாங்கி வாசல் வெளிச்சத்தில், பிறகு நிழலில் பிடித்துப் பாருங்கள். நிழலிலும் உயிரோடு இருந்தால் நல்ல கல்.

நிறத்துக்கு டி எழுத்திலிருந்து இசட் வரை தரம் பிரிப்பார்கள். டி நிறமே அற்றது, போகப் போக மஞ்சள் கூடும். மஞ்சள் பொன்னில் பதிக்கும் கல்லுக்கு ஜே தரம் தாராளமாகப் போதும், பொன்னின் நிறமே அதை மூடிவிடும். தெளிவில், அதாவது கல்லுக்குள் புள்ளிகள் எவ்வளவு குறைவு என்பதில், நடுத்தரமான ‘விஎஸ் 2’ அல்லது ‘எஸ்ஐ 1’ எடுத்து, வெறுங்கண்ணுக்குப் புள்ளி தெரியவில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காகபாதம், களங்கம் என்று வீட்டுப் பெரியவர்கள் தோஷம் பார்ப்பவர்களானால் சான்றிதழில் கல்லின் வரைபடம் இருந்தால் அதை அவர்களுக்குக் காட்டுங்கள். கல்லுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அதில் குறித்திருக்கும்.

ஆய்வுகூட வைரம் போலி அல்ல. சுரங்க வைரமும் அதுவும் ஒரே கரியணுக்கள், ஒரே கடினம். உங்கள் வரவுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் ஆய்வுகூட வைரம் என்று பெண்ணிடமும் வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் யாரோ சொல்லித் தெரிந்தால் கல் அல்ல, உங்கள் சொல்தான் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஐஜிஐ போன்ற சுயாதீன வைரப் பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். சான்றிதழ் இலக்கம் பெரும்பாலும் கல்லின் இடுப்பில், அதாவது அகன்ற நடு விளிம்பில், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும், உருப்பெருக்கியால் பார்த்து ஒப்பிடலாம். பேனா போன்ற கருவியை வைத்து ஒலி எழுப்பிக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். வெப்பத்தை அளக்கும் அந்தக் கருவி, மொய்சனைட் என்ற வேறு கல்லையும் வைரம் என்றே சொல்லும்.

இப்போது அந்தப் பெண்ணின் கையை நினையுங்கள். நாள் முழுவதும் கையுறை மாட்டிக் கழற்றும் கை அது. படங்களில் காணும் மோதிரங்களில் நான்கு அல்லது ஆறு பொற்கால்கள் கல்லை உயரத் தூக்கிப் பிடித்திருக்கும். வெளிச்சத்துக்கு அது நல்லது, கையுறைக்குக் கெட்டது. கால் நுனி கையுறையைக் கிழிக்கும், துணியில் மாட்டும், மாட்டி மாட்டி நிமிர்ந்து கல்லை விட்டுவிடும். கல்லின் இடுப்பைச் சுற்றிப் பொன் விளிம்பு எழுப்பி உள்நோக்கி அழுத்தி மூடும் முறை ஒன்று உண்டு, கடைகளில் பெசல் என்பார்கள். உங்களுக்கு அதுதான். விரலோடு ஒட்டித் தாழ்ந்திருக்கட்டும். வைரத்தில் எளிதில் கீறல் விழாது, ஆனால் ஓரத்தில் அடிபட்டால் பிளக்கும். ஸ்கூட்டர் பிரேக்கும் கட்டில் சட்டமும் தட்டும் கைக்கு அந்த விளிம்பு கவசம். கூர்மூலை உள்ள சதுரக் கல்லை இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

மோதிரத்தின் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை விடாப்பிடியாக ஒட்டும். சுரங்கங்களில் கொழுப்புப் பூசிய மேசைமேல் சரளைக்கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். தேங்காயெண்ணெயும் வீதிப் புழுதியும் கல்லின் அடியில் படிந்தால் எக்ஸலண்ட் வெட்டும் கண்ணாடித் துண்டு போலாகும். இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மென்மையான பற்தூரிகையால் அடிப்பக்கத்தைத் துலக்கினால் போதும். குளோரின் கலந்த தொற்றுநீக்கி 18 கரட் பொன்னை அரிக்கும். அதைக் கையாளும்போதும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மோதிரம் கழன்றே இருக்கட்டும். அந்த நேரங்களில் எங்கே பத்திரமாக வைப்பது என்று இருவரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வளையம் முழுக்கக் கல் பதித்த மாதிரியை வாங்க வேண்டாம், பின்னாளில் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. உங்களுடையதைத் திருத்த நேர்ந்தால், வைரம் பதித்துப் பழகிய பத்தரிடம் மட்டும் கொடுங்கள், கல் வைரம் என்று சொல்லியே கொடுங்கள். நேரடிச் சுவாலை பட்டால் வைரத்தின் மேற்பரப்பு வெந்து மங்கிவிடும்.

இவ்வளவும் நான் சொல்கிறேன். பெண்ணுக்கு வைரம் வேண்டுமா என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அண்ணாவும் அம்மாவும் பேசுகிறார்கள், அவர் பேசவில்லை. வெறும் பொன் வளையமே வசதி என்று அவர் சொல்லலாம். இரத்தினபுரிப் புஷ்பராகம் (மஞ்சள் சபையர்) பிடிக்கும் என்றும் சொல்லலாம். இயற்கை மணிகளில் வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள கல் அது, நம் நாட்டு மண்ணில் கிடைப்பது. அண்ணா காசு அனுப்புமுன் இந்தப் பேச்சு நடக்கட்டும்.

அப்போதே விரல் அளவையும் எடுத்துவிடுங்கள். காலைக் குளிரில் எடுத்தால் பகல் வெயிலில் விரல் வீங்கி இறுக்கும். மாலையில், வேலை முடிந்து வந்த பிறகு எடுங்கள். அவருக்குச் சரியாக இருக்கும் ஒரு மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அண்ணாவுக்கு எழுதுங்கள். கனடாவில் அளவை எண்ணில் சொல்வார்கள், இங்கே சில கடைகளில் ஆங்கில எழுத்தில் சொல்வார்கள், மில்லிமீட்டர் என்றால் இருபுறமும் ஒன்றுதான்.