பினாயிலுக்கு அசையாத பார்வோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு நாய்க்குட்டிகள் ரத்தக் கழிச்சலில் இறந்துவிட்டன. பார்வோ என்கிறார்கள். எங்கள் குட்டிக்கு 10 வாரம். ஒரு ஊசி போட்டாயிற்று. தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம். போதுமா? குழந்தைகளுக்கு ஒட்டுமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: நாய்ப் பார்வோ என்ற வைரஸ் குழந்தைகளுக்கு ஒட்டாது. ஆனால் குட்டிக்கு ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது தீரும் வாரம் குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் தாண்டும்வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை போடுகிறோம். கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரம் போகட்டும். அதுவரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாதீர்கள். நீங்கள் தெருவில் போட்ட செருப்பும் வாசலோடு நிற்கட்டும்.

பினாயில் மணக்கும், பார்வோ சாகாது. சானிடைசரும் அப்படித்தான், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தரைக்கு பிளீச்தான். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு போகக் கழுவுங்கள். பிறகு 5 சதவீத பிளீச் திரவம் 30 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலசுங்கள். பலர் மலத்தின் மேலேயே பிளீச்சை ஊற்றுகிறார்கள். அழுக்கிலேயே அதன் வீரியம் தீர்ந்துவிடும். ஊற்றிய கையோடு துடைத்தாலும் வீண். நேற்றுக் கலந்தது இன்றைக்கு ஆகாது. கக்கூஸ் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மண்தரையில் பிளீச் எடுபடாது; மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு வெயில் படவிடுங்கள். சேலத்தில் அதற்கா பஞ்சம்! நிழல் மண்ணில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும்.

குட்டி சோர்ந்து, சோற்றை ஒதுக்கி, வாந்தி எடுத்தாலே கிளம்புங்கள். ரத்தம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியே பல குட்டிகள் போய்விடுகின்றன. நமக்கான கழிச்சல் மாத்திரை கூடாது. மருத்துவமனையில் குட்டியை ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு, பார்வோ சந்தேகம் என்று முதலில் உள்ளே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: தோட்டத்து நாய்க்கு எலிக்காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: பார்க்கலாம். ஆனால் இது மனிதருக்கும் வரும், நாயின் சிறுநீர் வழியாக. கைக் கீறலும் கண்ணும் அதற்கு வாசல். ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் முகத்தில் தெறிக்கும். உலர்ந்த இடத்தில் சீக்கிரம் சாகும் கிருமிதான். காப்பிச் செடி நிழலும் மலைத் தூறலும் அதைக் காப்பாற்றிவிடும். ஓடை ஓரம் வேண்டாம், வெயில் படும் ஒரே இடத்தில் சிறுநீர் கழிக்கப் பழக்குங்கள். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மற்ற நாய்களுக்கு 2–4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடாவருடம்.

ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்ததை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.