கேள்வி-பதில்: விதை வாங்குவோர் கேட்டவை

கடையில் சமையலுக்கு விற்கும் கடுகு பக்கெற்றை விதைக்கலாமா? (உரும்பிராய்)

வேண்டாம். முளைக்கக்கூடும், ஆனால் பல இடத்துக் கடுகு கலந்து வருவதால் ஒரே நேரத்தில் முற்றாது.

பக்கத்துத் தோட்டக்காரர் கறுத்த எள்ளு விதைக்குத் தருகிறார். இருபது மீற்றரில் அவருடைய வெள்ளை எள்ளும் நிற்கிறது. விதை எல்லாம் நல்ல கறுப்பு. வாங்கலாமா? (அச்சுவேலி)

எள்ளுப்பூ விடியற்காலை மலர்ந்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டி, மாலைக்குள் கொட்டிவிடும். ஆனாலும் தேனீ வந்து போவதால் ஒரு சிறு பங்கு கலக்கும். இந்தியாவில் சான்று விதைக்கு (தரம் பரிசோதித்துச் சான்று கொடுத்த விதை) 50 மீற்றர் இடைவெளி கேட்பது அதனால்தான். நிறத்தை நம்பாதீர்கள். விதைத்தோல் தாய்ச்செடியின் பங்கு. வெள்ளையோடு கலந்த விதையும் கறுப்பாகவே இருக்கும். கலப்பு அடுத்து வரும் போகங்களில்தான் தெரியவரும். வெள்ளை எள்ளுக்கு எட்டத்தில் உள்ள ஓரத்துச் செடிகளில் மட்டும் தனியாக அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

சென்ற வருடம் கலப்பினச் சூரியகாந்தி பக்கெற் போட்டு நல்ல விளைச்சல். இம்முறை அதே கடையில் "அதே இனம், போன போகத்து விதை" என்று தாளில் சுற்றி அரை விலைக்குத் தந்தார்கள். ஒரு செடி இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேல். சிலதில் கிளைவிட்டு ஐந்தாறு சிறு பூ. முந்திப் பூத்தவற்றின் நடு சப்பி. நான் விட்ட பிழை என்ன? (சாவகச்சேரி)

பிழை உங்களுடையதல்ல. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாத விஷயம் இது. மகரந்தம் வராத தாய் வரிசையையும், மகரந்தம் தரும் தந்தை வரிசையையும் பக்கத்தில் நட்டு, தேனீயால் சேரவிட்டு, தாய் வரிசையில் மட்டும் எடுப்பதுதான் கலப்பின விதை. அந்த முதல் தலைமுறைக்கே நீங்கள் சென்ற வருடம் காசு கொடுத்தீர்கள். அதில் விளைந்ததைத் திரும்ப விதைத்தால் குணங்கள் பிரிந்துவிடும். தந்தை வரிசைகள் பலவற்றுக்குக் கிளைவிடும் குணம் உண்டு. முதல் தலைமுறையில் மறைந்திருந்து அடுத்ததில் தலைகாட்டும். சில செடிகளில் மகரந்தமே வராது. காலையில் மலர்ந்த பூவை விரலால் தடவிப் பாருங்கள், மஞ்சள் தூள் ஒட்டாத செடி அந்த வகை. அதை "அதே இனம்" என்று விற்பது பச்சைப் பொய்.

நடு சப்பியானதற்கு மட்டும் விதையைக் குறை சொல்ல முடியாது. சூரியகாந்தியின் சிறுபூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி மலரும். ஒவ்வொன்றிலும் முதலில் மகரந்தம் உதிரும், அதை ஏற்கும் சூலகமுடி பிறகே விரியும். தேனீ குறைந்தாலும் பூக்கும் காலத்தில் தண்ணீர் குறைந்தாலும் மணி பிடிக்காது. இன்னும் பூவில் நிற்கும் செடிகளில் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒன்றுவிட்ட ஒருநாள், இரண்டு பூத்தலைகளை மெதுவாக ஒன்றோடொன்று உரசிவிடுங்கள்.

முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பூக்கும்போதே இரண்டு மாதம் போயிருக்கும், தாமதிக்காதீர்கள். தொலைபேசி 1977. செடிகளைப் படமெடுத்து, சுற்றித் தந்த தாளையும் பற்றுச்சீட்டையும் இணையுங்கள்.

தேன்பெட்டி இல்லாமல் கடுகு காய்க்காது என்கிறார் பெட்டி விற்பவர். (கொடிகாமம்)

தவறு. நாம் தாளிக்கும் கபிலக் கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். தேனீ வந்தால் காய் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். வட இந்தியாவில் எண்ணெய்க்குப் போடும் தோரியா என்ற கடுகு வகை தன் மகரந்தத்தை ஏற்காது. அவர் அதன் கதையை உங்களுக்குச் சொல்கிறார்.

உடைத்த கச்சான் பருப்பு 5 கிலோ விதைக்கு வாங்கினேன், பாதிகூட முளைக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லை, பையையும் எறிந்துவிட்டேன். (கோண்டாவில்)

பையையும் எறிந்தால் எதைக் காட்டிக் கேட்பது? பற்றுச்சீட்டு கேட்டால் தருவது வியாபாரியின் சட்டக் கடமை. நீங்கள் கேட்கவே இல்லை. நான் வாங்கிய எள்ளுப் பொதியொன்றிலும் பொதிசெய்த திகதி அச்சிடப்பட்டிருக்கவில்லை, முளைப்பும் மோசம். திகதி இல்லாத விதையை இப்போது நான் தொடுவதில்லை.

கச்சான் பூவில் இதழ் மூடிய நிலையிலேயே தன் மகரந்தம் சேர்ந்துவிடும், கலப்பு மிக அரிது. சான்று விதைக்கே 3 மீற்றர் இடைவெளி போதும். ஆகவே தூய இனமென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், புதிதா என்று பாருங்கள். கோதோடு வாங்கி, விதைப்பதற்குச் சற்று முன் கையால் உடையுங்கள். சிவப்புத் தோல் உரிந்த பருப்பு மண்ணில் அழுகும். முழுவதையும் விதைக்குமுன் 100 பருப்பை ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். ஒரு கிழமைக்குள் 70 முளைக்காவிட்டால் பற்றுச்சீட்டோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.