வங்கியில் 7.2 லட்சம், கையில் எத்தனை மாதம்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை 60 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் செலவு. மார்ச் 31 அன்று வங்கியில் 7.2 லட்சம் இருந்தது. அதில் 4 லட்சம், கழிப்பறை கட்ட ஒரு கம்பெனி கொடுத்தது, 50,000 கார்ப்பஸ் (அசலைத் தொடாமல் வைக்கவேண்டிய நிரந்தர நிதி). நாங்கள் தரவேண்டிய பாக்கி 30,000. ‘ஒன்பது மாதத்துக்குக் கவலையில்லை’ என்கிறார் பொருளாளர். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. கழிப்பறைப் பணத்தில் சம்பளம் போட முடியாது, கார்ப்பஸைத் தொடக்கூடாது, பாக்கியைக் கொடுத்தே ஆகவேண்டும். மிஞ்சுவது 2.4 லட்சம்; மூன்றே மாதம்.

மார்ச் 31 இருப்பை நம்பாதீர்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகக் கொடுக்கும் சிஎஸ்ஆர் பணம் பெரும்பாலும் நிதியாண்டு முடிகிற நேரத்தில்தான் வந்து விழும். அன்றைக்குப் பாஸ்புக் கொழுத்துத்தான் இருக்கும். செப்டம்பர் 30 இருப்பையும் எடுங்கள். ஐந்து வருடக் கணக்கை ஒரே தாளில் அருகருகே எழுதி, ஒவ்வொரு வருடமும் இதேபோல் கழித்து, கைவசம் எத்தனை மாதம் என்று பாருங்கள். அடுத்த வரியில், மொத்த வரவில் பெரிய நன்கொடையாளர் ஒருவரின் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். மாதங்கள் குறைந்துகொண்டும் அந்தப் பங்கு ஏறிக்கொண்டும் வந்தால், உபரி காட்டுகிற வருடத்திலும் நிலைமை மோசம்தான். கட்டடப் பணம் ஒரு வருடம் வரவாகி, மறுவருடம் செலவானால் முதலில் போலி உபரி, பிறகு போலிப் பற்றாக்குறை. திட்டப் பணத்துக்குத் தனிப் பேரேடு வையுங்கள்.

கேள்வி: சேர்த்துவைத்தால் வருமான வரி வராதா?

பதில்: வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை, வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டால், மீதி 15 சதவீதத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பொது வரவு 11.2 லட்சம், செலவு 9.6 லட்சம் என்றால் மிச்சம் 1.6 லட்சம், வரம்புக்குள்தான். உங்கள் கணக்கில் அது இரண்டு மாதச் செலவு. இப்போது இருப்பது மூன்று மாதம்; ஆக, ஆறு மாதக் கையிருப்பு வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருடமாவது பிடிக்கும். 15 சதவீதத்துக்குமேல் ஒதுக்க, குறிப்பிட்ட நோக்கத்தைத் தீர்மானமாக எழுதி, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஐந்து வருடம்வரை வைக்கலாம். ‘அறக்கட்டளையின் நோக்கங்களுக்காக’ என்று மொட்டையாக எழுதினால் சிக்கல்.

கார்ப்பஸுக்குக் கொடுப்பவரின் எழுத்து மூலமான குறிப்பு வேண்டும். அதை வங்கி டெபாசிட்டில் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அசலிலிருந்து சம்பளம் கொடுத்தால், அது அந்த வருட 85 சதவீதக் கணக்கில் சேராது.