கர்ட் வார்னர் கேள்வி பதில்: நடுவுல இருக்குற நாலு வருஷத்தை விட்டுட்டு பேசாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒரே ஒரு க்வார்ட்டர்பேக்கை எடுத்து முழுசா பேசலாம்னு சொன்னப்ப நிறைய பேர் கர்ட் வார்னர் பேரைத்தான் சொன்னீங்க, எனக்கும் அவர்தான் ரொம்பப் பிடிக்கும். 1999-ல நான் மிசௌரியில படிச்சிட்டிருந்தேன், அவரோட டீம் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் ஆடின அந்த சீசன் முழுக்க டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தேன். இப்போ சனிக்கிழமை காலைல சின்னப் பசங்களுக்கு ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளைச் சாய்க்காம, இடுப்புல கட்டின துணியை உருவுற ஆட்டம்) சொல்லித்தர்றேன். கேள்வி வந்த வரிசையிலயே பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு இந்த ஆட்டமே தெரியாது. க்வார்ட்டர்பேக்னா கிரிக்கெட் கேப்டன் மாதிரியா?

பாதி அப்படித்தான். ஆனா கேப்டன் ஃபீல்டு செட் பண்ண நிதானமா யோசிக்கலாம், இங்க பந்து கைக்கு வந்ததுல இருந்து ரெண்டரை மூணு செகண்டுதான். அதுக்குள்ள எதிர் டீம் எப்படி நிக்குதுன்னு பார்த்து, நம்ம ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்கற ஆள், எந்த இடத்துக்கு ஓடி வருவான்னு கணிச்சு, அவன் வந்து சேர்றதுக்கு முன்னாடியே அந்த இடத்துக்கு எறியணும், அதுவும் நூத்திமுப்பது கிலோ ஆள் ஒருத்தன் நம்மள சாய்க்க ஓடி வந்துட்டிருக்கும்போது. இந்த மூணு செகண்டை மனசுல வச்சுக்கோங்க, மத்த பதில் எல்லாம் இதுலதான் வந்து நிக்கும்.

கேள்வி: மளிகைக் கடையில அலமாரி அடுக்கிட்டு இருந்தவர் நேரா சாம்பியன் ஆனாராமே, நிஜமா?

கடை வேலை நிஜம். "நேரா" அப்படிங்கறது பொய். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இந்த கேள்வி பதிலுக்கே ஒத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

வார்னர் 1971-ல அயோவா மாநிலம் பர்லிங்டன்ல பிறந்தவர். நார்தர்ன் அயோவா யுனிவர்சிட்டியில கடைசி வருஷம் வரைக்கும் பெஞ்சுதான், 1993-ல ஒரே ஒரு சீசன் முழுசா ஆடி அவங்க கான்ஃபரன்ஸோட சிறந்த அஃபென்ஸ் ஆட்டக்காரர்னு பேர் வாங்கினார். என்எஃப்எல்ங்கற பெரிய லீக்கோட டீமுங்க காலேஜ் ஆட்டக்காரங்களை முறை வச்சு எடுக்கற 1994 ட்ராஃப்ட்ல யாரும் எடுக்கலை. கிரீன் பே பேக்கர்ஸ் கேம்ப்புக்கு கூப்பிட்டாங்க, அங்க ஏற்கனவே பிரெட் ஃபார்வ், மார்க் புரூனெல், டை டெட்மர்னு மூணு பேர். ஒருநாள் ப்ராக்டிஸ்ல கோச் உள்ள போன்னு சொன்னப்ப ப்ளேபுக் (ஆட்டத் திட்டம் எழுதின புத்தகம்) இன்னும் மனசுல ஏறலைன்னு தயங்கி நின்னுட்டதை அவரே பின்னாடி சொல்லியிருக்கார். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் சீடர் ஃபால்ஸ் ஊர்ல ஹைவீ கடையில ராத்திரி ஷிஃப்ட்டு, மணிக்கு அஞ்சரை டாலர்.

இப்போ எல்லாரும் தாண்டிப் போற இடத்துக்கு வர்றேன். 1995, 96, 97, மூணு சீசன் டி மாயின்ல அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு அரீனா ஃபுட்பால் ஆடினார். அது இண்டோர் ஆட்டம், மைதானம் அம்பதே யார்டு, அதாவது வழக்கமானதுல பாதி, ஒரு பக்கத்துக்கு எட்டு பேர், ஓரத்துல கோட்டுக்கு பதிலா மெத்தை கட்டின சுவர். எல்லாம் கிட்ட கிட்ட இருக்கும், பந்தை கையில வச்சுட்டு யோசிக்கவே முடியாது, பிடிச்சா உடனே எறியணும், எறியுற இடைவெளியும் ஜன்னல் அளவுதான் கிடைக்கும். டீமை ரெண்டு வருஷம் ஃபைனலுக்கு கொண்டு போனார், ரெண்டுலயும் தோல்வி. 1998-ல ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ், ஐரோப்பா லீக், அங்க யார்டுலயும் (எறிஞ்சு முன்னேறின தூரம்) டச்டவுன்லயும் (பந்தை எதிர் டீமோட கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்க்கறது) அவர்தான் முதல். அவருக்கு அடுத்த ஆளா பெஞ்சுல இருந்தது ஜேக் டெலோம், பின்னாடி கரோலினாவை சூப்பர் பவுலுக்கு, அதாவது என்எஃப்எல் ஃபைனலுக்கு, கொண்டு போனாரே அவரேதான். அதே 98 சீசன்ல ராம்ஸ் பெஞ்சு, மொத்தமே பதினொரு பாஸ் எறிஞ்சார். 1999 தொடக்கத்துல புது க்ளீவ்லேண்ட் டீம் ஆள் எடுக்கலாம்னு ராம்ஸ் கொடுத்த லிஸ்ட்டுல இவர் பேரும் இருந்துச்சு, அவங்களும் எடுக்கலை.

ஆக கடைக்கும் கோப்பைக்கும் நடுவுல நாலு வருஷம், ஆயிரக்கணக்குல பாஸ். அந்த வேகக் கையை செஞ்சது அரீனாதான்.

கேள்வி: ட்ரென்ட் கிரீனுக்கு முழங்கால் போகலைன்னா வார்னர்னு ஒருத்தரே இல்லையே, வெறும் லக்தானே?

வாய்ப்பு வந்தது லக், ஒத்துக்கறேன். 1999 ஆகஸ்ட்ல சீசனுக்கு முந்தின மேட்ச்ல ராட்னி ஹாரிசன் மோதினதுல, ராம்ஸோட முதல் க்வார்ட்டர்பேக்கா இருந்த கிரீனோட முழங்கால் லிகமெண்ட் கிழிஞ்சு வருஷமே போச்சு. கோச் டிக் வெர்மீல் பிரெஸ் முன்னாடி கண்ணு கலங்கிட்டு, வார்னரை வச்சே நல்லா ஆடுவோம்னு சொன்னார். அதுக்கு முந்தின வருஷம் அந்த டீம் ஜெயிச்சது நாலு, தோத்தது பன்னிரண்டு. வார்னர் வந்ததும் 13 ஜெயிச்சாங்க, 3 தோத்தாங்க. முதல் மூணு மேட்ச்லயும் மூணு மூணு டச்டவுன், நாலாவதுல சான் ஃபிரான்சிஸ்கோ மேல அஞ்சு. சீசன் முடிவுல 4353 யார்டு, 41 டச்டவுன், லீக் எம்விபி, அதாவது அந்த சீசனோட சிறந்த ஆட்டக்காரர். கதவைத் திறந்துவிட்டது லக்கா இருக்கலாம், ஆனா அந்த 41-ஐ லக் எறியலை.

கேள்வி: அந்த சூப்பர் பவுல் கடைசி பாஸ் எப்படின்னு சொல்லுங்களேன்.

இதைக் கேட்டதுக்கு நன்றி. 2000 ஜனவரி 30, அட்லாண்டா. டென்னசி டைட்டன்ஸ் 16 பாயின்ட் பின்னாடி இருந்தவங்க இழுத்துட்டு வந்து 16-16 ஆக்கிட்டாங்க, ரெண்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல பாக்கி. ராம்ஸ் அவங்க 27 யார்டு கோட்டுல இருந்து முதல் ஆட்டத்துலயே நீளமா எறியறாங்க. ஜெவான் கேர்ஸ்னு ஒரு ராட்சசன் சைடுல இருந்து வந்து எறியுற கையையே இடிக்கறான், பந்து நினைச்ச தூரம் போகலை, குறைஞ்சு விழுது. ராம்ஸ் ரிசீவர் ஐசக் புரூஸ் அதைக் கவனிச்சு வேகத்தைக் குறைச்சு, திரும்பி பந்துக்கு வந்து பிடிச்சு, உள்பக்கமா வெட்டி ஓடிட்டார், மொத்தம் 73 யார்டு. கீழ கிடந்த வார்னர் அந்த டச்டவுனைப் பார்க்கவே இல்லை. அப்புறம் கடைசி செகண்டுல டைட்டன்ஸோட கெவின் டைசனை ராம்ஸோட மைக் ஜோன்ஸ் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு முன்னாடி கட்டிப்பிடிச்சு நிறுத்தினார், 23-16. வார்னருக்கு 414 யார்டு, 45 பாஸ்ல ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிர் டீம் ஆள் பாஸைப் பிடிச்சுடறது) இல்லை.

கேள்வி: கடையில சாமான் அடுக்கினவர்தானே இவர்? மணிக்கு எவ்வளவு சம்பளம்?

மேல ரெண்டாவது பதிலைப் படிங்க.

கேள்வி: ஃபேன்டசி லீக்ல இந்த வாரம் எந்த க்வார்ட்டர்பேக் எடுக்கலாம் ப்ரோ?

அது என் ஏரியா இல்லை. காசு வச்சு ஆடுறதா இருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: ஒத்துக்க முடியலை சார். வார்னர் ஒரு சிஸ்டம் க்வார்ட்டர்பேக். மார்ஷல் ஃபால்க், புரூஸ், டாரி ஹோல்ட், இடது பக்கம் காவலுக்கு ஓர்லாண்டோ பேஸ், மேல கோச் மைக் மார்ட்ஸ் போடுற ப்ளான், இவ்வளவு இருந்தா யார் வேணா எறியலாம். 2000-ல வார்னர் விரல் உடைஞ்சப்ப கிரீன் வந்து 16 டச்டவுன் எறிஞ்சார். 2002-ல வார்னர் ஆரம்பிச்ச ஆறும் தோல்வி, மார்க் பல்ஜர் வந்ததும் வரிசையா ஜெயிச்சாங்க.

நல்ல கேள்வி, நம்பரும் சரி. அந்த டீம் மூணு சீசன் தொடர்ந்து 500 பாயின்ட்டுக்கு மேல அடிச்சுது, ஃபால்க் மாதிரி ஓடவும் பிடிக்கவும் தெரிஞ்ச ஆள் அபூர்வம், அதை நான் மறுக்கலை. ஆனா அந்த ப்ளான் எப்படி ஓடும்னு பாருங்க: அஞ்சு பேரையும் பாஸ் பிடிக்க அனுப்பிட்டு காவலுக்கு அஞ்சே அஞ்சு பேரை வைக்கறது. ஆறாவது ஆள் ஓடி வந்தா அவனைத் தடுக்க யாரும் கிடையாது, அவன் அடிக்கறதுக்குள்ள எறிஞ்சாகணும், அடி விழும்னு தெரிஞ்சும் கடைசி வரைக்கும் நிக்கணும். அப்படி நின்னு நின்னுதான் கை போச்சு. 2000-ல விரல், 2001-ல கட்டைவிரல்ல அடி, 2002-ல மறுபடி விரல், எல்லாம் எறியுற கையில. 2003 முதல் மேட்ச்ல ஜயன்ட்ஸ்கிட்ட ஆறு தடவை பந்தை நழுவ விட்டார், தலையிலயும் அடி, அதோட பல்ஜர்தான் நிரந்தரம்னு ஆச்சு. அவர் 0-6 ஆனதை நான் மறைக்கலை, அந்தக் கையோட ஆடினதுன்னு சொல்றேன்.

கேள்வி (அதே நண்பர்): காயம்னு சொல்லி எல்லாத்தையும் மூடிடறீங்க. 2002 பிப்ரவரி சூப்பர் பவுல்ல நியூ இங்லேண்ட்கிட்ட தோத்தப்ப டீம் முழுசா இருந்துச்சே?

இருந்துச்சு. நியூ இங்லேண்ட் கோச் பெலிசிக் ஃபால்க்கை ஒவ்வொரு தடவையும் கோட்டுலயே இடிச்சுத் தள்ளச் சொல்லிட்டு, பின்னாடி ஆளைக் கூட்டி வச்சார். அவங்க ஆள் டை லா பிடிச்சு 47 யார்டு ஓடினாரே, அந்த பாஸ் வார்னர் கையை விட்டுப் போகும்போது வ்ரேபல் அவரை அடிச்சாச்சு. தப்பு வார்னருதுதான், ரெண்டு இன்டர்செப்ஷன், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதே ஆள் கடைசில டீமை 17-17-க்கு கொண்டு வந்ததையும் சேர்த்து எழுதுங்க. அப்புறம்தான் நியூ இங்லேண்டோட வினாடியேரி 48 யார்டுல இருந்து கோல் உதைச்சு 20-17.

கேள்வி (வேற ஒருத்தர்): நானும் சிஸ்டம் கட்சிதான். ஃபால்க் இல்லாம என்ன பண்ணார் சொல்லுங்க?

அரிசோனா. இதோட இந்த வாதத்தை முடிச்சுக்கறேன். 2004-ல ஜயன்ட்ஸ்ல ஒன்பது மேட்ச், அஞ்சு வெற்றி, அப்பவும் ஈலை மேனிங்குக்கு வழிவிடச் சொல்லி உக்கார வச்சாங்க. 2005-ல அரிசோனா கார்டினல்ஸ், அங்கயும் அடுத்த வருஷமே மேட் லைனார்ட்டை ட்ராஃப்ட் பண்ணிட்டாங்க. அந்த டீமோட மொத்த சரித்திரத்துலயே அதுவரைக்கும் ப்ளேஆஃப்ல ரெண்டே வெற்றி, ஒண்ணு 1947-ல, இன்னொண்ணு 1998 சீசன்ல. அப்படிப்பட்ட டீமை 37 வயசுல சூப்பர் பவுலுக்கு கொண்டு போனார். வேற கோச், வேற ப்ளான், ரெண்டு கையிலயும் க்ளவுஸ். அந்த 2008 சீசன்ல ஃபிட்ஸ்ஜெரால்டு, போல்டின், பிரெஸ்டன் மூணு ரிசீவருமே ஆயிரம் யார்டு தாண்டினாங்க. அவர் ரிட்டையர் ஆன அடுத்த வருஷம் அதே டீம் அஞ்சு ஜெயிச்சு பதினொண்ணு தோத்துச்சு. ராம்ஸ்ல 102 டச்டவுன், கார்டினல்ஸ்ல 100. ஒரே சிஸ்டம் ரெண்டு ஊர்லயும் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: அந்த 2009 பிட்ஸ்பர்க் ஃபைனல்ல கடைசி பந்து ஃபம்பிளா (கை நழுவினதா), பாஸா?

நான் நூறு தடவை பார்த்துட்டேன், பிட்ஸ்பர்க் ஆள் உட்லி அடிச்சப்ப கை முன்னாடி வர்றதுக்குள்ள பந்து விரல்ல நழுவத் தொடங்கிடுச்சுன்னுதான் எனக்குத் தெரியுது, அதாவது ஃபம்பிள்தான். ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தி மானிட்டர்ல பார்த்திருக்கணும், அந்த வருத்தம் இருக்கு. ஆனா தோல்விக்குக் காரணம் அது இல்லை. முதல் பாதி முடியப் போறப்ப, கோட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டு போல்டினுக்கு எறிஞ்ச பாஸ்தான். ஜேம்ஸ் ஹாரிசன் பாய்ஞ்சு வர்ற மாதிரி காட்டிட்டு பின்வாங்கி நின்னார், வார்னர் அவரைப் பார்க்கவே இல்லை, பிடிச்சு நூறு யார்டு ஓடிட்டார். 27-23-ல தோத்த மேட்ச், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

கேள்வி: கடையில வேலை பார்த்துட்டே ட்ரை பண்ணி என்எஃப்எல் போனாரா?

இல்லை. அரீனா மூணு வருஷம், ஐரோப்பா ஒரு வருஷம். தயவுசெஞ்சு மேல படிச்சுட்டு கேளுங்க.

கேள்வி: சிலந்தி கடிச்சு சிகாகோ பேர்ஸ் டிரையலுக்கு போகலைன்னு படிச்சேன்.

ஆமா, 1997-ல கல்யாணம் ஆன கையோட, எறியுற கை முழங்கையில.

கேள்வி: அண்ணா, என் பையனுக்கு 12 வயசு, க்வார்ட்டர்பேக் ஆகணும்ங்கறான், ஆனா ரொம்ப தூரம் எறிய வரலை. என்ன பண்றது?

தூரத்தை விடும்மா, இந்த வயசுல தூரத்துக்காக கையை வீசினா தோள்தான் போகும். என் பசங்களுக்கு நான் செய்யறது இது: பத்து யார்டு தள்ளி ஓடுற பையனைப் பார்த்து எறியணும், ஆனா பந்து கைக்கு வந்ததும் நான் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவேன், ரெண்டு சொல்றதுக்குள்ள பந்து போயிடணும். முதல் மாசம் எல்லாம் தப்பாத்தான் விழும், திட்டாதீங்க. ஃப்ளாக்லயே வைங்க, மோதி விழுற ஆட்டத்துக்கு அவசரமே இல்லை. வார்னர் எம்விபி ஆனதே 28 வயசுல, உங்க பையனுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு.

கேள்வி: ஹால் ஆஃப் ஃபேம் (பெரிய ஆட்டக்காரங்களுக்கான கௌரவப் பட்டியல்) கிடைக்க ஏன் 2017 வரைக்கும் ஆச்சு?

தகுதி வந்த மூணாவது வருஷம், அது பெரிய தாமதம் இல்லை. நடுவுல அஞ்சாறு வருஷம் சரிஞ்சு கிடந்ததைப் பார்த்து தயங்கியிருப்பாங்கன்னு நினைக்கறேன்.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எது? எல்லாரும் டைட்டன்ஸ் ஃபைனல்னு சொல்றாங்க.

நான் 2010 ஜனவரி 10 சொல்லுவேன், கார்டினல்ஸ் - பேக்கர்ஸ், 51-45. வேலைக்கு ஆகாதுன்னு 1994-ல அனுப்பின அதே பேக்கர்ஸ். வார்னருக்கு 38 வயசு. 33 பாஸ், 29 கைக்குப் போய் சேர்ந்துச்சு, அஞ்சு டச்டவுன், தவறினது நாலே நாலு. தவறின பாஸை விட டச்டவுன் அதிகம்! எக்ஸ்ட்ரா டைம்ல பேக்கர்ஸ் க்வார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கையில இருந்து மைக்கேல் ஆடம்ஸ் பந்தைத் தட்டிவிட, டான்ஸ்பி எடுத்து ஓடினதுல முடிஞ்சுது. அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு பெரிய அடி வாங்கி 45-14-ல தோத்தாங்க, அந்த மாசம் 29-ஆம் தேதி ரிட்டையர்.

பார்க்கறப்ப ஒண்ணு பண்ணுங்க, வார்னரைப் பார்க்காதீங்க, ரிசீவரைப் பாருங்க. பந்து கையை விட்டுக் கிளம்புறப்ப அவன் இன்னும் முதுகைக் காட்டிட்டு ஓடிட்டிருப்பான், திரும்பறான், பந்து நெஞ்சுல இருக்கும். மெத்தைச் சுவர் கட்டின அந்த அம்பது யார்டு அரங்கத்துல கத்துக்கிட்டது அது.

நேரமாச்சு, மீதி இருக்குற கேள்விக்கு ஞாயித்துக்கிழமை பதில் போடுறேன்.